வைத்தியருக்கு முன்னால் நித்திரை

1972 ஆவணி, வியாழன் இரவு. நெடுந்தீவு.

இன்று தம்பியை யாழ்ப்பாணத்து வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அவர் கடிதம் தந்தால்தான் இப்படியான பிள்ளைகளைப் பராமரிக்கும் விடுதியில் சேர்ப்பார்கள். ஏழு வயதாகியும் தம்பிக்குப் பேச்சில்லை, கத்தலும் கடியும்தான். வள்ளத்தை ஆட்டுவதில் கடலை விடக் கெட்டிக்காரன். அதனால் நாட்டு மருந்து கொடுக்கும் பரியாரியாரின் தூளைக் கொடுத்து நித்திரையாக்கினால்தான் வள்ளக்காரர் அவனை ஏற்றுவார்.

தூள் நன்றாக வேலை செய்துவிட்டது. வைத்தியருக்கு முன்னாலும் தம்பியார் அம்மாவின் மடியில் குறட்டை.

"சாதுவான பிள்ளை. வீட்டிலையே வைச்சுப் பாக்கலாம்," என்றார் வைத்தியர்.

"அம்மா, அவன் கடிச்ச கையைக் காட்டுங்கோ," என்றேன். அம்மா சேலையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பாதிக் கடலில் விழித்தான். அதே கையில் கடித்தான்.

கரையிறங்கி நடக்கையில் அப்பா மெல்லச் சொன்னார்: "தூள் குடுக்காட்டி வள்ளத்தில ஏத்தமாட்டினம். குடுத்தா அங்க நித்திரை. அடுத்த முறை நீ டொக்டருக்கு இவனைப் போலக் கத்திக் காட்டுவியோ? நீ நல்லாச் செய்வாய்தானே."

"ஓம்," என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பெடியளைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிக் கத்திக் காட்டுவேன். அப்பா அதை எப்போது பார்த்தாரோ தெரியாது. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.