சங்கு கேட்டால் துணியை எடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், உன் இருமல் விட்டதா என்பதை முதலில் எழுது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆலையில் விருப்ப ஓய்வு கேட்பதற்கான கெடு நாளையோடு முடிகிறது, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெளிநாட்டு எஃகுக்கு அரசாங்கம் கூடுதல் வரி போட்டிருக்கிறது என்று செய்தி வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. "மலிவா கொண்டுவந்து கொட்டினவன் இனி யோசிப்பான், ரெண்டாவது உலையை மூட்டிடுவாங்க பாரு" என்கிறார். வரி உலையை மூட்டாது, வாங்குகிறவன் வந்தால்தான் மூட்டுவார்கள் என்றேன். அதற்கு, "நீ ஆய்வுக்கூடத்துலயே இருந்து இருந்து மனசையும் சோதனைக் குழாயில போட்டுட்ட" என்றார். எதிர்வீட்டு ஃபிட்டர், உன் மீசை மாமா, ஆலை வாசலில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாராம். போன வருஷம் உங்கள் மாடியில் போட்ட தகரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன். "அக்கா, சல்லிசா கிடைச்சுது, அதையெல்லாம் இப்ப கிளறாதீங்க" என்று மீசைக்குள் சிரித்தார். நம் மாடிக் கொட்டகைக்கும் அதே தகரம்தான் என்பதை அப்பா அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

உனக்கு நினைவிருக்கிறதா, நம் தெருப் பக்கம் இருக்கிற அந்த இரண்டாவது உலையைச் சுத்தம் செய்யுமுன் ஆலைச் சங்கு இரண்டு முறை ஊதும், சிவப்புத் தூசி வந்து இறங்குவதற்குள் துணியை எடுக்கத் தெருவே மாடிக்கு ஓடும். நீ உன் பள்ளிச் சட்டையை மட்டும் உருவிக்கொண்டு இறங்கிவிடுவாய், அப்பா சட்டை எப்படியும் அழுக்குத்தானே என்பாய். அந்தத் தூசியை நான் திட்டாத நாளில்லை. இரண்டு வருஷமாக அந்த உலை அணைந்து கிடக்கிறது, துணி வெள்ளைவெளேரென்று காய்கிறது, எடுக்க அவசரமே இல்லை, சில நாள் இருட்டும்வரை கொடியிலேயே மறந்துவிடுகிறேன். இதையும் ஒரு குறையாகச் சொன்னால், படித்தவள் பேசுகிற பேச்சா என்று நீ சிரிப்பாய்.

வெளியே சாப்பிடுவதைக் குறைத்துக்கொள். எங்களுக்காகக் கட்டில் பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், அளவைச் சரிபார்த்து வாங்கு, அப்பாவுக்குக் கால் நீளம். எங்கே இருந்தாலும் மனக்குறை இல்லாமல் இரு. வீட்டுச் சாவியில் ஒன்றைத் தோழியிடம் கொடுத்து வை, மறக்காதே.

உன் அம்மா

மறுநாள் எழுதுவது: உறையை ஒட்டுவதற்குள் காலையில் சங்கு ஊதியது, இரண்டு முறை. கையிலிருந்த கரண்டியோடு மாடிக்கு ஓடினேன். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி, தோளில் ஈரத்துணியோடு. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், தூசி வரவில்லை. சங்கு வேலை செய்கிறதா என்று சோதித்தார்களாம், அவ்வளவுதான். உலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே வந்தபோது அப்பா பேனாவோடு உட்கார்ந்திருந்தார், "போடட்டுமா வேணாமா, நீயே சொல்லு" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான், பாப்பா. கட்டிலை இப்போது வாங்காதே. துணியெல்லாம் கூடத்து நாற்காலிகளில் காய்கிறது.