முங்கும்போது கூட ஒருத்தி

கரமனை
9 ஜனவரி 2026

எடீ சபீனா,

உன் வாட்ஸ்அப்பை உம்மா எடுத்து வாசிக்காங்கன்னு சொன்னேல்லா, அதான் மெயில். படகுல நம்ம ரெண்டு இடமும் உறுதியாயாச்சு. ஏப்ரல்ல, உனக்கு நோம்பு கழிஞ்ச பிறகு. மாலத்தீவுல ஆறு ராத்திரி கரையே தொடாம, கடல்லயே சாப்பாடு, தூக்கம், முங்கல். திமிங்கலச் சுறா பக்கத்துல வந்தா நாம ரெண்டும் வெறும் பொடிமீன். ஒரு வீடியோவில அதோட கண்ணை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டே இருக்கேன். "மீனு பாக்கதுக்கு எதுக்குட்டீ கப்பலு, சந்தைக்குப் போ"ன்னு அம்மா கேலி பண்ணுகா.

ஜோடி இல்லாம முங்க விடமாட்டாங்க. கோவளத்துல ஸ்கூபா முங்கல் படிச்ச நாள்ல இருந்து எனக்கு ஜோடி நீதான்.

உன் அஞ்சு

சாலைக் கடைத்தெரு
27 ஜனவரி

அஞ்சு,

நேத்துதான் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன். ஒரு இருமல், நெஞ்சுல கத்தி சொருகின மாதிரி. வலது நுரையீரல்ல ஓட்டை விழுந்து, காத்து கசிஞ்சு, சுருங்கிப் போச்சாம். விலாவில குழாய் போட்டுச் சரியாக்கிட்டாங்க. இப்ப ஒரு குழப்பமும் இல்ல. டாக்டர்தான், இனி ஜீவிதத்துல முங்கவே கூடாதுங்காரு.

ஜூன்ல எனக்கு நிக்காஹ். அதுக்குப் பிறகு யாருட்டீ என்னைக் கடலுக்கு விடுவா? நான் எப்படியும் வருவேன், நீ கூட வரியா? படகுக்காரங்ககிட்ட நீ ஒண்ணும் சொல்லாண்டாம்.

சபீ

கரமனை
28 ஜனவரி

சபீ மக்கா,

கிடைச்சதெல்லாம் தேடி வாசிச்சேன். தண்ணிக்கடியில இருந்து மேல ஏறும்போது நெஞ்சுக்குள்ள காத்து விரியும். உன் நுரையீரல்ல எங்கயாவது மாட்டினா அது வெளிய வராது, கிழிச்சுட்டுதான் போகும். நடுக்கடல்ல ஆஸ்பத்திரிக்கு எங்க போவ?

படகுக்காரங்களுக்கு எழுதிட்டேன். உன் இடத்தை ரத்து பண்ணிட்டாங்க. என் இடமும் வேண்டாம்னுட்டேன். என்னைத் திட்டிக்கோ.

அஞ்சு

சாலை
2 பிப்ரவரி

அஞ்சுவுக்கு,

வீட்டுல தடுப்பாங்கன்னு தெரியும். நீ தடுப்பேன்னு நினைக்கல. உன்கிட்ட நான் உபதேசம் கேக்கல, கூட வரியான்னுதான் கேட்டேன். நல்லா இரு.

சபீனா

கரமனை
14 ஏப்ரல்

சபீ,

இத்தனை மெயிலுக்கும் பதில் இல்ல. இன்னைக்கு நம்ம கூடப் படிச்ச ஷிஜியைக் கண்டேன். நீ வேற படகு பிடிச்சு சனிக்கிழமையே போயாச்சாம். வீட்டுல, நிக்காஹுக்குத் துணியெடுக்கக் கொச்சிக்குன்னு சொல்லிருக்கியாம். ஜோடி யாருன்னு கேட்டேன். படகுல வரக்கூடிய யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனாம்.

அவன்கிட்ட நீ சொல்லிருக்க மாட்டே. நீ நெஞ்சைப் பிடிச்சா, சுறாவைக் கண்ட சந்தோஷம்னு நினைப்பான். தெரிஞ்ச நான் இங்க கரமனையில இருக்கேன். உன்னைக் காப்பாத்துகேன்னு சொல்லி, உன் பக்கத்துல நிக்க வேண்டியவளை நானே விலக்கிட்டேன்.

எந்தப் படகுன்னு ஷிஜிக்கும் தெரியல. தெரிஞ்சா அந்தப் படகுக்காரங்களை இப்பவே ஃபோன்ல விளிச்சுச் சொல்லிருவேன், நீ இன்னும் வெறுத்தாலும். நெட் கிட்டினா இதை வாசி. முங்காத. முங்கித்தான் தீருவேன்னா, அவனைக் கூப்பிட்டு விலாவில இருக்க தழும்பைக் காட்டு.

அஞ்சு

சாலைக் கடைத்தெரு, ரோட்டுல நின்னு
18 ஏப்ரல்

சபீ,

ஆறு ராத்திரி கணக்குக்கு நீ நேத்தே வந்திருக்கணும். ஃபோன் போகல. உன் வாப்பாவோட பாத்திரக் கடைக்கு வந்தேன், ஷட்டர் போட்டிருக்கு. சனிக்கிழமை, நல்ல வியாபார நேரம். பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பாத்துட்டு, எழும்பி வாறாரு.

அஞ்சு