பட்டினி எழுத்துக்கு ஒரு பருக்கை

மார்ச் 4

இன்று ‘ழ’ முடிந்தது. வட்டம், நேர்க்கோடு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு எவராவது ஒரு ழ வரைந்து பார்க்கட்டும், அப்போது தெரியும் என் பாடு. என் எழுத்துருவில் ஓரக்கோடு மட்டும்தான். உள்ளே மை கிடையாது. எந்த எழுத்துக்கும் வயிறு நிரம்பக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னது, பட்டினி எழுத்தா?” என்றார். பொறாமை.

மார்ச் 10

பல் டாக்டரம்மா தன் புது மருத்துவமனையின் முகப்புக்கு என் எழுத்தைத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் அலுவலக மேலாளருக்கு மனசில்லை. “வழக்கமான தடி எழுத்தையே போட்டுடலாம்மா, எதுக்கு வம்பு?”

நான் விடவில்லை. முகப்பு, சுவரொட்டி, புத்தக அட்டை என்று பெரிதாகப் போட்டால்தான் இதற்கு அழகு. மருந்துச் சீட்டில் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் மாதிரிப் பலகை ஒன்றை மாட்டிப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் தடி எழுத்து என்று முடிவானது. அப்படி ஆகிவிட்டால் அப்புறம் என் எழுத்தை எவரும் சீண்ட மாட்டார்கள்.

மார்ச் 17

மானம் போயிற்று.

பலகையை மாட்டிவிட்டு, தெருவின் எதிர்ச் சாரியில் போய் நின்று பார்த்தோம். எழுத்தெல்லாம் ஜம்மென்று இருந்தது. புள்ளிகளை மட்டும் காணோம். திரையில் குட்டிக் குட்டி வளையமாக அவ்வளவு அழகாக இருந்தவை, தூரத்தில் சுவரோடு சுவராகிவிட்டன. பல் மருத்துவமனை ‘பல மருததுவமனை’ ஆகிவிட்டது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: “ஒண்ணு கட்டுறதுக்கே எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. நீங்க பலன்னு போட்டுட்டீங்களே.”

மேலாளர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 18

வளையத்தைப் பெரிதாக்கினேன் — தலையில பூஜ்யம் உட்கார்ந்த மாதிரி இருக்கு. கோட்டைத் தடிமனாக்கினேன் — சகிக்கலை. இத்தனை வருஷமா எழுத்து வரையுறவளுக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியலையா?

மார்ச் 19

சாப்பிடும்போதும் அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சொன்னார்: “பாவம், பட்டினி கெடக்குதுங்க. தலைக்கு ஒரு பருக்கையாவது போடேன்.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க” என்றேன்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. புள்ளியை மட்டும் நிரப்பினால்? என் சட்டத்தை நானே மீறுவதா — மீறினேன். எழுத்தெல்லாம் வெறும் கோடு, தலையில் மட்டும் கெட்டியாக ஒரு கறுப்புப் புள்ளி. அம்மாடி, என்ன அழகு! எனக்கே கண் பட்டுவிடும்.

மார்ச் 21

எதிர்ச் சாரி. டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார்: “பல் மருத்துவமனை.” பிறகு என் பக்கம் திரும்பி, “இப்ப ஒண்ணுதான் இருக்கு” என்றார்.

மேலாளர், “நான் அப்பவே சொன்னேன்ல, நம்ம எழுத்து நிக்கும்னு” என்கிறார். நம்ம எழுத்தாம்!

ஏப்ரல் 30

புத்தகக் கடைக்காரர் ஒருவர் அலுவலகம் தேடி வந்தார். “அந்தப் பல் ஆஸ்பத்திரியில இருக்கே, புள்ளி வெச்ச எழுத்து, அது வேணும்.”

தமிழில் புள்ளி வைக்காத எழுத்துரு ஏது? இருந்தாலும் அவர் கேட்டது என்னுடையதைத்தான். நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

மே 6

எழுத்துருவை வெளியிடப் பெயர் கேட்டார்கள். பெரிய பெரிய பெயராக யோசித்து வைத்திருந்தேன். ‘பருக்கை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.