லூயிஸ் மாதிரி ஆள் இல்லை

1954 மார்ச் 6, சனி

தோற்றோம். 31க்கு 44. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. காலையிலிருந்து ஹார்பரில் மூட்டைக் கணக்கு எழுதிவிட்டு நேரே கூடைப்பந்து மைதானம். இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று என் வீட்டுக்காரி மங்கை கேட்டுக்கொண்டே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

தடுப்பு ஆட்டத்தில் எனக்கு ஜோடி அமீர். எதிராளியை நெருங்கவே மாட்டேன் என்கிறான். இரண்டடி தள்ளி, பின்னால் நிற்கிறான். 1946இல் லூயிஸ் என் ஜோடி. எதிராளியின் மூச்சு மேலே படுகிற தூரத்தில் நிற்பான். அத்தாவுல்லா வேறு — பந்து கிளம்புமுன்னே அது போகிற இடம் அவனுக்குத் தெரியும். அந்த வருஷம் யாராவது நமக்கு எதிராக முப்பது புள்ளி போட்டதுண்டா? அத்தாவுல்லா பினாங்குக்குக் கப்பலேறிவிட்டான். இப்போது யார் இருக்கிறார்கள்?

மார்ச் 9

பயிற்சி. நீ லூயிஸ் கால்தூசி பெறுவாயா என்று எல்லோர் முன்பும் அமீரைக் கேட்டுவிட்டேன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நின்றான்.

மார்ச் 11

அமீர் வரவில்லை.

மார்ச் 13

இன்றும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை பெரம்பூர்க்காரர்களோடு ஆட்டம். ஆள் இல்லாவிட்டால் விலகிக்கொள்ள வேண்டியதுதான் என்கிறார் காரியதரிசி தேவப்பிரியம்.

மார்ச் 14, ஞாயிறு

ரயிலேறி எண்ணூர் போனேன். லூயிஸ் இப்போது உப்பளத்தில் மேஸ்திரி. வெயிலில் வதங்கிப்போயிருக்கிறான். ஒரே ஒரு ஆட்டம் வந்து நில் என்று கேட்டேன். இடுப்பு போய்விட்டது என்று சிரித்தான். அமீரைப் பற்றிப் புலம்பினேன். அவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்றெல்லாம் விசாரித்தான். பிறகு சொன்னான்:

"உன்னத் தாண்டி வர்றவனப் புடிக்கத்தான் மாமு அவன் பின்னால நிக்கிறான். நான் ஆடச்சொல்லோ, அப்ப உன் காலு ஓடிச்சி. பின்னால நீ கீறேன்னு நம்பி ஏறி நின்னேன். அவனுக்குப் பின்னால யாரு கீறாங்க?"

ரயிலில் இடம் இருந்தும் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தேன். அன்று அவர்கள் போட்ட 44 புள்ளியில் என் பக்கமாக வந்தது எத்தனை? பாதிக்கு மேலேயே இருக்கும். இது எனக்குத் தெரியாதா இன்னா? தெரியும் — தெரிஞ்சிகினேதான் அவனைத் திட்னேன்.

மார்ச் 15

வேலை முடிந்து வண்ணாரப்பேட்டையில் அமீர் வீட்டுக்குப் போனேன். எல்லோர் முன்பும் பேசினது தப்பு என்றேன். என்னால்தான் பின்னால் நிற்கிறாய் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்டி அண்ணாத்தே சொல்றது?" என்றான்.

என் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சின்னப் பையன் செல்வம் ஆடட்டும் என்று தேவப்பிரியத்துக்குச் சீட்டு எழுதி அமீர் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 20, சனி

தோற்றோம். 27க்கு 28.

அமீர் இன்று ஏறி நின்றான். லூயிஸ் மாதிரி இல்லை. இவனுக்குக் கை நீளம், அவசரமும் கிடையாது. இடைவேளையில் எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அமீர் குடித்துவிட்டு, அவர்களுடைய நெட்டையன் எந்தப் பக்கம் திரும்பிப் பந்து போடுகிறான், பார்த்தீர்களா என்று கேட்டான். இடது பக்கம் என்றேன்.

அதற்குப் பிறகு நெட்டையன் ஒரு கூடைகூடப் போடவில்லை.