ஜன்னல் ரப்பர் மாற்றிவிட்டேன், தனம் அக்கா

என் ஆசை தனம் அக்காவுக்கு,

போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். சௌக்கியம் குறைந்திருந்தால் அங்கேயும் யாரிடமாவது சண்டை போட்டு வாங்கியிருப்பாய். நான் எழுத வந்தது வேறு விஷயம். வண்டியை நான் விற்கவில்லை. விற்கப் போவதுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பொறுமையாகக் கேட்பாய் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அஞ்சல, வண்டிய வித்துடுடி. நீ ஒண்டியா அத ஓட்டிக்கினு மலைக்குப் போவாத." பக்கத்தில் உன் மகள் கவிதா நின்றிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். சாகக் கிடக்கிறவளிடம் முடியாது என்று யாராவது சொல்வார்களா? ஆனால் தலையைத்தான் ஆட்டினேன். வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை.

உன் கருமாதி முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டார்கள். நம் தெருவில் எவள் வாயைத் திறந்தாலும் ஒரே பேச்சு: செத்தவள் சொல்லைத் தட்டக் கூடாது. கவிதா தினமும் வந்து நிற்பாள். "அம்மா சொன்னாங்க இல்ல சித்தி, இன்னும் ஏன் வச்சிக்கினு இருக்கீங்க?"

நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. அந்தப் பழைய அம்பாசிடரின் டிக்கி நிறைய நைட்டியும் உள்பாவாடையும் ரவிக்கைத் துணியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் சந்தைக்குப் போகாத வாரம் உண்டா நமக்கு? அதை விற்றுவிட்டு நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா? நின்றும் பார்த்தேன். "மூட்ட ஜாஸ்தியா இருக்குது, அடுத்த பஸ்ல வாங்க" என்றார் கண்டக்டர். மலைக்கு அடுத்த பஸ் எப்போது வரும் என்பது உனக்குத் தெரியாதா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தால் மட்டும் போதுமா? என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுக் கிடந்தது இடப்பக்கத்து ஜன்னல். கச்சிராயபாளையம் வரை நான் ஓட்டுவேன், அங்கிருந்து மலைப்பாதை உன்னுடையது என்பது நம் ஏற்பாடு. நான் இடப்பக்கம் மாறி உட்காரவும் மழை பிடிக்கவும் சரியாக இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் பிளவின் ஓரத்து ரப்பர் பட்டை வெயிலில் வெடித்து, சுருங்கி, பாதி காணாமலே போயிருந்தது. மடியும் நனையும், காலடியில் வைத்த மூட்டையும் நனையும்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏங்க, ஓட்டப் போறது நீங்க. அந்தப் பக்கம் ஆளே உக்காரப் போறதில்ல. ஆளில்லாத சீட்டு நனஞ்சா இன்னா, காஞ்சா இன்னா?"

அவர் நியாயமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீ போனதிலிருந்து யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அப்போதெல்லாம் வராத கோபம் அந்த மனிதர்மேல் வந்தது. "ஆளு வரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். யார் வருவார்கள் என்று எனக்கே தெரியாது.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். பழைய ரப்பரில் ஒரு துண்டை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சின்னசேலம் போய் அங்கிருந்து சேலத்துக்கு பஸ் ஏறினேன். பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையில், ரவிக்கைக்கு மேட்ச் பார்க்கிற மாதிரி அந்தத் துண்டை மேஜைமேல் வைத்து, கடைக்காரர் காட்டியதையெல்லாம் அதனோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் மெல்லிசா காட்டுங்க" என்றேன். "இது பொடவக் கட இல்லம்மா" என்றார். சந்தையில் நம்மை எத்தனை பேர் இப்படிப் படுத்தியிருக்கிறார்கள்! நானும் ஒருநாள் படுத்திவிட்டுப் போகிறேன். கடைசியில் அதே வளைவு, அதே தடிமனில் கிடைத்தது.

வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கினேன். பெயின்ட் உரியாமல் இருக்க ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி, பழைய பட்டையை நெம்பினேன். பட்டை வந்தது. அதன் பின்னால் என்ன வந்தது தெரியுமா? பச்சை ரவிக்கைத் துணி. அப்புறம் பூப்போட்ட நைட்டித் துண்டு. அப்புறம் பாவாடை நாடா. இழுக்க இழுக்க வந்தது. மழைக்கு மழை, "கவலப்படாதடி, அடச்சிட்டேன்" என்று சொல்லிச் சொல்லி நீ திணித்தவை.

துணிக்காரிக்கு எல்லா வியாதிக்கும் துணிதான் மருந்து போலிருக்கிறது! அக்கா, துணி தண்ணீரைத் தடுக்குமா? அது குடித்துக் குடித்து, வெளியே வழிய வேண்டிய மழையையெல்லாம் உள்ளே இழுத்து என் மடியில் விட்டிருக்கிறது. கதவுக்குள் விழுந்த துண்டுகள், அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையையும் அடைத்திருந்தன. இத்தனை வருஷம் என்னை நனைத்தது மழை இல்லை, நீதான். வாசலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஓரத்தில் ஏறியிருந்த செம்மண்ணையும் துருவையும் சுரண்டி, பெயின்ட் தடவிக் காயவிட்டேன். புதுப் பட்டையை முதலில் ஓரம் மாற்றி மாட்டிவிட்டேன். கண்ணாடியை ஏற்றினால் பட்டையும் கூடவே எழும்பி வந்தது. கழற்றி, மெல்லிய ஓரம் கண்ணாடியைத் தொடும்படி திருப்பி, ஒரு முனையிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். கிளிப்புகள் டக் டக்கென்று உட்கார்ந்தன. சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். முனகாமல் போய்வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கவிதா வந்தாள்.

"விக்கறதுக்கா சித்தி ரிப்பேர் பண்றீங்க?"

"இல்ல. ஓட்டறதுக்கு."

"அப்ப எங்கம்மா பேச்சுக்கு இன்னாதான் மரியாத?"

"உங்கம்மா உசுரோட இருந்தப்ப சொன்னதுலயே பாதிய நான் கேக்கல. இப்ப மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

கொடுமையான பேச்சுதான். ஆனால் உன்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டால் நீ நிஜமாகவே இல்லாமல் போய்விடுவாய் அக்கா. அதை நான் எப்படி அவளிடம் விளக்குவேன்?

அவள் அழுதுவிட்டாள். "அம்மாவும் பூட்டாங்க. மலைல உங்களுக்கும் எதனா ஆச்சின்னா, எனக்கு யாரு சித்தி இருக்காங்க?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பிடித்துக்கொண்டு நின்றது உன் சொல்லை இல்லை, என்னை. அணைத்துக்கொண்டேன். வண்டியை விற்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

சந்தை நாளன்று காலையில் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "நானும் வரேன். எப்படி ஓட்டறீங்கன்னு பாக்கறேன். சரியில்லன்னா வூட்டுக்கு வந்ததும் நானே வித்துடுவேன்." உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை வந்தது. இடம் மாற ஆள் இல்லை. முதல் வளைவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, மெதுவாகத் திருப்பினேன். அடுத்த வளைவில் பிடி கொஞ்சம் தளர்ந்தது. கவிதா ஜன்னல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், மடியைத் தொட்டுப் பார்த்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மேலே ஏறி வண்டியை நிறுத்தியதும் கேட்டாள்.

"நீங்க ஒண்டியா போவக்கூடாதுன்னுதான அம்மா விக்கச் சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப அடுத்த வாரமும் வரேன்."

கேட்டாயா அக்கா? நீ என்னிடம் சொன்னவை இரண்டு. ஒண்டியாகப் போகாதே என்றாய், அதைக் கேட்டுவிட்டேன். விற்றுவிடு என்றாய், அதைக் கேட்க மாட்டேன். இந்த மலையில் மழை பெய்யும்வரை, என் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை, நம் வண்டி ஏறும், அந்தச் சீட்டில் உட்காருகிறவள் நனையமாட்டாள். இது சத்தியம். கோபம் இருந்தால் நேரில் வந்து கேள்.

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
அஞ்சலை