சத்தம் போடாத குச்சிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. வேலை முடிந்து வந்து நான் டிரம்ஸ் வாசித்தால், கீழ்வீட்டு அக்கா மேலே வந்து கதவைத் தட்டுவார். "தம்பி, நீ அடிக்கிற அடியில எங்க வீட்டு ஃபேன் தானா சுத்துது!" என்று திட்டிவிட்டு, போகும்போது, "சாப்பிட்டியா?" என்றும் கேட்பார்.

பாவமாக இருந்தது. மரக்குச்சிகளைக் கடையில் கொடுத்துவிட்டு, மெல்லிய கம்பிகளைக் கொத்தாகச் சேர்த்த பிரஷ் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அச்சு அசல் விளக்குமாறு. "விளக்குமாறு பிஞ்சிடும்" என்று என்னை மிரட்டுவாயே, இப்போது அதை வைத்துத்தான் வாசிக்கிறேன்.

சத்தம் அறையைத் தாண்டுவதில்லை. மூன்று வாரமாக யாரும் கதவைத் தட்டவில்லை, "சாப்பிட்டியா?" என்று கேட்கவும் இல்லை. நேற்று மாடிப்படியில் அக்காவைப் பார்த்தேன். "நல்ல பிள்ளப்பா. இப்பல்லாம் நீ இருக்கிறதே தெரியல" என்றார்.

அம்மா, நம் வீட்டில் என் பழைய தடித்த மரக்குச்சிகளை எங்கோ ஒளித்து வைத்தாயே, அவற்றைத் தேடி அனுப்பு. ஒன்றும் அவசரமில்லை. இந்த வாரமே அனுப்பினால் நல்லது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மகன்