தறிக்குழியில் உன் விரல்தடம்

அக்கா,

நாலு நாள் மழையில், நெய்யும்போது நான் கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள் நீர் ஊறிவிட்டது. சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து பச்சைக் களிமண் வாசனை எழும்பியது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய்.

பெரிய காஞ்சிபுரத்தில் என்னைப்போல் நெய்ய ஒருவன் பிறக்கவில்லை என்பது ஊரறிந்த சங்கதி. ஊருக்கு அதை அறிவித்தவனும் நான்தான். அப்படிப்பட்டவனிடம், "இன்னாபா, உங்கக்கா தறிக்குழியப் பாத்தாலே ஓடுதாமே?" என்று தெருவில் கேட்டால் பொறுக்குமா?

சண்டைக்காலத்தில் ரங்கூனில் குண்டு விழுந்த அன்று பதுங்குகுழி சரிந்து, உன் அம்மா, என் பெரியம்மாவோடு நீயும் மண்ணுக்குள் போனாய். உன்னை மட்டும்தான் உயிரோடு எடுத்தார்கள். தெருவில் அப்படிக் கேட்டபோது அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்துதான் செய்தேன். "நம்ம குழி முழங்கால் ஆழந்தான்கா, இன்னா பயம்?" என்று தோளை அமுக்கி உட்காரவைத்து, மடிக்கு மேல் துணி சுருட்டும் மரத்தைப் பூட்டினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் சிரித்தேன்.

உன் முகத்தைப் பார்த்ததும் மரத்தைக் கழற்றினேன். தூக்கி எடுத்தபோது உன் இரண்டு கையிலும் குழிச்சுவரின் மண். அதை நீ விடவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்த மண்ணில் ஒரு பெண் எழுந்தாள், இடுப்புவரை மட்டும்.

அதன்பின் நீ செய்த சிலைகள் எல்லாமே அப்படித்தான். தாமல் ஏரி மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டினேன். ஆள் அளவுக்குச் செய்தாய், சூளையில் சுட்டாய். பட்டணத்திலிருந்து காரில் வந்து வாங்கிப் போனார்கள். ஒருத்திக்கும் கால் இல்லை. எல்லோரும் பூமிக்குள் மாட்டிக்கொண்டு மேலே பார்த்தார்கள்.

"ஒருத்தியையாவது வெளிய வுடேன்கா."

"வர மாட்டேங்கறாங்கடா."

வந்தவர்களுக்குக் கதை சொல்வது என் பொறுப்பு. பதுங்குகுழியில் மூன்று நாள் என்று ஆரம்பித்து ஏழுக்குக் கொண்டுபோனேன். நடுவில் ஒரு நாகப்பாம்பும் வந்து சேர்ந்தது. ஒருமுறை நீ கேட்டுவிட்டாய். "ஒரு பகல்தான்டா. ஆனா உள்ள கெடந்த எனக்கு நீ சொல்லிக்கினு இருக்கிற ஏழு நாளு பத்தாது." மண்ணைப் பிசைந்துகொண்டே, "நான் போனா குழியில வெக்காத. எரிச்சுடு" என்றாய்.

நம்மவர்களில் புதைப்பதுதான் வழக்கம். நீ போன அன்று குழி வெட்ட ஆள் புறப்பட்டாயிற்று. "பொம்பள பேச்சக் கேட்டு மொறைய மாத்துவியாடா?" என்று பெரியவர் ஒருவர் எகிறினார். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த தொழிலைக் கையில் எடுத்தேன். "பர்மாவுல ஒரு சாமியாருதான் இவள மண்ணுலேர்ந்து எடுத்தாரு. மறுபடி மண்ணுல வெச்சா அந்த ஊருல ஏழு தலமொறைக்குத் தறி ஓடாதுன்னு சொன்னாரு." கூட்டம் அடங்கியது. பெரியவரே விறகுக்கு ஆள் அனுப்பினார்.

நீரை இறைத்து முடித்துப் பார்த்தேன். குழிச்சுவரில் உன் விரல்கள் கீறிய தடம் இருக்கிறது. நான் அதைப் பூசவில்லை. கால் அதில் படாமல் தறியின் மிதிபலகையை மிதிக்கப் பழகிக்கொண்டேன். சாமியார் கதையை இன்றும் வந்து கேட்கிறார்கள். அதை மட்டும், அன்றைக்குச் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் சொல்கிறேன்.